கல்லில் பெயர் எதற்கு?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது ஒரு கல்வெட்டைப் பற்றி. குடும்பத்தோடு திருவையாறு போயிருக்கிறீர்கள். தியாகராஜர் சமாதியை வணங்கிவிட்டுத் திரும்பும்போது, சன்னதியை நோக்கிக் கைகூப்பியபடி இருக்கும் ஒரு பெண்மணியின் சிலை கண்ணில் பட்டிருக்கிறது. இந்தச் சமாதிக் கோயிலைக் கட்டியவர் வித்யாசுந்தரி பெங்களூர் நாகரத்தினம்மாள் என்று சொல்லும் கல்வெட்டையும் படித்திருக்கிறீர்கள். 'உண்மையான பக்தை பட்டத்தோடு பெயரைப் பொறித்துக்கொள்வாரா? எம்.எஸ். அம்மா எவ்வளவு அடக்கமானவர்!' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் என்னை நிறுத்தியது உங்கள் கடைசி மூன்று வரி. பாட்டுக் கற்கும் பதின்மூன்று வயது மகள் அந்தக் கல்லைப் படித்துவிட்டு, 'நானும் ஒருநாள் ஏதாவது கட்டி என் பெயரைப் போடுவேன்' என்றாள். 'சாமி முன்னால் நின்றுகொண்டு என்ன தற்பெருமை' என்று அதட்டினீர்கள். ஊர் வந்து சேரும்வரை அவள் வாய் திறக்கவில்லை. உங்கள் உண்மையான கேள்வி நாகரத்தினம்மாளைப் பற்றியது இல்லை என்று நினைக்கிறேன். பெரிதாக ஒன்றைச் செய்ய வேண்டும், அதைச் செய்தது நான்தான் என்று ஊருக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு பெண் விரும்பினால், அந்த விருப்பம் அழுக்கானதா என்று கேட்கிறீர்கள்.

பெண்கள் கல்லூரி ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் இசையும் இசை வரலாறும் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். நாகரத்தினம்மாளின் பெயர் வந்த வகுப்புகளில் எல்லாம், 'பக்தியா, புகழாசையா?' என்று ஒரு மாணவியாவது கேட்டுவிடுவாள். முதல் சில ஆண்டுகள் பக்திதான் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது அது எனக்கு வசதியாக இருந்தது. பிறகு சொல்வதை நிறுத்திவிட்டேன். இன்னொருவர் மனத்துக்குள் இருந்தது என்ன என்பதைச் சொல்ல எந்த வரலாற்று ஆசிரியருக்கும் வழியில்லை. தியாகராஜர் கனவில் வந்து பணித்தார் என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கனவுக்குச் சாட்சி அதைக் கண்டவர் மட்டும்தான். அவர் என்ன செய்தார், எதை எழுதிவைத்தார், எதற்காக யாரோடு சண்டை போட்டார் என்பவற்றுக்குத் தடயம் இருக்கிறது. அந்த எல்லைக்குள் நின்றுதான் நான் பேச முடியும்.

நாகரத்தினம்மாள் 1878-இல் மைசூருக்கு அருகே நஞ்சன்கூட்டில், தேவதாசி மரபில் வந்த புட்டலட்சுமிக்குப் பிறந்தவர். தந்தையான வழக்கறிஞர் இவர்களைக் கைவிட்டுவிட்டார். மைசூரில் ஒரு பண்டிதரிடம் சிறுமி சமஸ்கிருதம் படித்தாள். பிறகு அங்கே மனக்கசப்பு வந்தது. 'என் மகள் பெரிய ஆளாகும்வரை இந்த ஊரில் கால் வைக்க மாட்டேன்' என்று தாய் சபதம் செய்து மகளை அழைத்துக்கொண்டு வெளியேறினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. சபதத்தின் சொற்களுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். பெரியவர்களின் இளமைக் கதைகளில் சபதங்கள் கொஞ்சம் தாராளமாகவே விளையும். ஆனால் அதற்குப் பின் நடந்தவை பதிவில் உள்ளவை. வயலின் கலைஞரான மாமாவின் ஆதரவில் பெங்களூரில் வளர்ந்தார். தியாகராஜரின் வாலாஜாபேட்டைச் சீடர் வழியில் வந்த முனுசாமப்பாவிடம் தியாகராஜர் கீர்த்தனைகளைப் பாடம் செய்தார். தாயை இளவயதிலேயே இழந்தார். பின்னர் மைசூர் அரண்மனையில் பாடிப் பெயர் பெற்றுச் சென்னைக்கு வந்தார். தம் கச்சேரிகளுக்கு நாட்குறிப்பு எழுதி வைத்தார். கணக்கு ஆயிரத்தைத் தாண்டுகிறது. தாம் பாடிய ஒவ்வொரு மேடையையும் குறித்துவைக்கும் பெண்ணுக்குத் தம் உழைப்பின் மதிப்பு தெரிந்திருந்தது என்ற அளவுக்கு நான் துணிந்து சொல்வேன்.

கல்வெட்டுக்கு வருவதற்கு முன்னால் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் கல்வெட்டு புரியாது. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் (1739–1763) அவையில் முத்துப்பழனி என்ற கணிகை இருந்தார். அவர் தெலுங்கில் இயற்றிய காவியம் 'ராதிகா சாந்த்வனமு'. கண்ணன் இளம்பெண் ஒருத்தியை மணந்துகொள்ள, ராதை ஊடி நிற்க, அவளை அவன் தேற்றுகிற கதை. சிருங்காரம் தளும்பும் நூல். அதன் முகப்பில் முத்துப்பழனி தம்மைப் பற்றிக் கூசாமல் பாடிக்கொள்கிறார். தம் குலத்தில் தம்மைப் போல் புலவர்களுக்குப் பொருள் கொடுத்துச் சிறப்பித்தவள் வேறு யார், வேறு எவளுக்குக் காவியங்கள் சமர்ப்பிக்கப்பட்டன என்ற தொனியில் போகும் அது. வம்சம் சொல்லும்போது பாட்டியான தஞ்சநாயகியின் பெயரைப் பெருமையாகக் குறிக்கிறார். ஆண் கவிஞர்கள் கொள்ளுத்தாத்தாவிலிருந்து தொடங்கும் இடத்தில் இவர் பாட்டியிலிருந்து தொடங்குகிறார்.

இந்த நூல் 1887-இல் ஒருமுறை அச்சானது. அந்தப் பதிப்பில் சிருங்காரப் பாடல்கள் சில விடுபட்டிருந்தன. கவிஞர் தம்மைப் பற்றிச் சொன்ன பகுதியும் விடுபட்டிருந்தது. படுக்கையறைப் பாடலை வெட்டினால் அதற்காவது ஒரு காரணம் சொல்லலாம். 'நான் இன்னார், என் பாட்டி இன்னார்' என்பதை ஏன் வெட்ட வேண்டும்? நாகரத்தினம்மாள் அச்சுப் பதிப்பையும் கையெழுத்துப் பிரதியையும் ஒப்பிட்டார். விடுபட்டவற்றைச் சேர்த்து 1910-இல் சென்னை வாவிள்ள நிறுவனத்தின் வழியாக முழு நூலையும் பதிப்பித்தார். முன்னுரையில் அவர் சொல்வதன் சாரம்: எத்தனை முறை படித்தாலும் கீழே வைக்க முடியவில்லை, ஒரு பெண் எழுதியது என்பதோடு எங்கள் குலத்தில் பிறந்த பெண் எழுதியது. 'எங்கள் குலம்' என்று அச்சில் எழுத அந்தக் காலத்தில் எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள். தேவதாசிகளின் ஆடலைப் புறக்கணிக்கச் சொல்லும் நாட்டிய ஒழிப்பு இயக்கம் இருபது ஆண்டுக்குக் கிட்டச் சென்னையில் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பிறப்பை மறைத்துக்கொள்ளத்தான் எல்லோரும் விரும்பினார்கள்.

தெலுங்கு நாட்டின் பெரும் சீர்திருத்தக்காரர் கந்துகூரி வீரேசலிங்கம். விதவை மறுமணத்துக்காக அவர் பட்ட பாட்டை யாரும் மறுக்க முடியாது. அவர் முத்துப்பழனியை ஒழுக்கம் கெட்டவள் என்றும், அந்தப் பாடல்கள் பெண் வாயிலிருந்து வரத்தகாதவை என்றும் எழுதியிருந்தார். நாகரத்தினம்மாள் அதே முன்னுரையில் அவரைப் பெயர் சொல்லியே கேட்டார்: வெட்கம் என்பது பெண்ணுக்கு மட்டும்தானா, ஆணுக்கு இல்லையா? இதைவிடப் பச்சையான வருணனைகள் உள்ள 'வைஜயந்தி விலாச'த்துக்கு நீங்கள் இசைவு தந்தது எப்படி? பதில் வந்த விதம்தான் வருத்தம் தருவது. நூல் ஆபாசம் என்று அரசுக்கு முறையீடு போனது. 1911-இல் பிரதிகள் பறிமுதல் செய்யப்பட்டன. விடுதலையை ஒட்டிய காலத்தில், சென்னை மாகாண முதல்வராக இருந்த பிரகாசம் அவர்களின் முயற்சியால்தான் அந்தத் தடை நீங்கியது. முப்பத்தைந்து ஆண்டுகள். அதற்குள் நாகரத்தினம்மாள் கிழவியாகிவிட்டார்.

ஆகவே, ஒரு பெண் செய்த வேலையிலிருந்து அவள் பெயரை எப்படிச் சுரண்டி எடுப்பார்கள் என்பதை இந்த அம்மாள் 1910-லேயே கண்ணால் பார்த்தவர். இதை மனத்தில் வைத்துக்கொண்டு இப்போது காவிரிக் கரைக்கு வாருங்கள்.

தியாகராஜர் சித்தியடைந்தது 1847 ஜனவரி 6, புஷ்ய பகுள பஞ்சமி. ஆற்றங்கரையில் ஒரு சமாதி எழுந்தது. காலப்போக்கில் முள்ளும் புதரும் மண்டியது. 1903-இல் எஞ்சியிருந்த சீடர்கள் அதைக் கண்டெடுத்துச் சீர்செய்தார்கள். சில ஆண்டுகளில் சகோதரர்களான தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதரும் பஞ்சு பாகவதரும், அவர் மறைந்த திதியில் நடக்கும் ஆராதனையை விழாவாக்கினார்கள். பிறகு சகோதரர்கள் பிரிந்தார்கள். பெரியகட்சி, சின்னக்கட்சி என்று இரண்டு விழா, இரண்டு பந்தல், இரண்டு சமையல், ஓயாத வழக்கு. இந்தச் சண்டையின் சுவையான விவரங்களை இன்னொரு நாள் எழுதுகிறேன். கச்சேரி உலகத்தின் குணத்தை அறிய அதைவிட நல்ல பாடம் கிடையாது. ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடே இல்லை: பெண்கள் அங்கே பாடக்கூடாது.

1921-இல் மைசூர் வித்வான் பிடாரம் கிருஷ்ணப்பா நாகரத்தினம்மாளுக்கு ஒரு கடிதம் எழுதினார். சமாதி மறுபடியும் பாழாகக் கிடக்கிறது, யாருக்கும் அக்கறையில்லை என்று. விழா நடத்த இரண்டு கட்சி இருந்தும், இடத்தைக் கவனிக்க ஓர் ஆள் இல்லை. நாகரத்தினம்மாள் போய்ப் பார்த்தார். சுற்றியிருந்த நிலத்தை வாங்கினார். அதே ஆண்டு அக்டோபரில் அடிக்கல் நாட்டினார். சில ஆண்டுகளில் கோயில் எழுந்தது, தியாகராஜருக்கு விக்கிரகம் வந்தது, குடமுழுக்கு நடந்தது. செலவு பெரும்பாலும் அவர் கைப்பணம். பாடிச் சம்பாதித்தது, நகை, சொத்து. அதன் பிறகும், அவர் கட்டிய அந்தச் சன்னதியில் அவர் உட்கார்ந்து ஹரிகதை சொல்ல இரண்டு கட்சியும் இடம் தரவில்லை.

இந்த இடத்தில் ஒரு பக்தை என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்களோ தெரியாது. 'எல்லாம் அவன் செயல்' என்று ஓரமாக உட்கார்ந்து கண்ணீர் வடித்திருந்தால் நமக்கு ஒரு நல்ல காலட்சேபக் கதை கிடைத்திருக்கும். அவர் 1927-இல் மூன்றாவதாக ஒரு கட்சியைத் தொடங்கினார். பெண்கள் கட்சி. தம்மைப் போன்ற தேவதாசிக் கலைஞர்களைத் திரட்டி, சன்னதியின் பின்புறத்தில் உட்கார்ந்து பாடவும் வழிபடவும் ஆரம்பித்தார். நிலம் தம்முடையது, கட்டடம் தம்முடையது என்று சட்டம் பேசினார். பாகவதர்களுக்கு வேறு வழியில்லாமல் போனது. 1940-இல் கட்சிகள் ஒன்றாயின; அடுத்த ஆண்டிலிருந்து பெண்களும் பாடினார்கள். தொலைக்காட்சியில் நாம் ஆண்டுதோறும் பார்க்கும் பஞ்சரத்தின கோஷ்டி கானம், பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் ஒரு பக்கமுமாக அமர்ந்து பாடுவது, இந்தச் சமாதானத்தின் விளைவு. நாகரத்தினம்மாள் கடைசிக் காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்தார். பெண்கள் ஆராதனையில் பங்கேற்கும் உரிமை நிலைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தம் சொத்தைச் சமாதிக்கே உயில் எழுதினார். 1952 மே 19-இல் காலமானார். நீங்கள் பார்த்த சிலை அவருடைய சமாதியின் மேல் இருப்பது.

இனி அந்தக் கல். நம் கோயில்களில் குழல்விளக்குக்குக் கூட 'உபயம்' எழுதுகிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். எழுத்து நிறைந்து பாதி வெளிச்சம் போய்விடும். அதையெல்லாம் நாம் புன்னகையோடு கடந்துவிடுகிறோம். ஒரு செட்டியார் மண்டபம் கட்டிப் பெயர் போட்டால் அது திருப்பணி. பெரிய கோயிலில் ராஜராஜன் தான் கொடுத்ததையும், தன் அக்கன் கொடுத்ததையும், தன் பெண்டுகள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னதைப் பாடப்புத்தகத்தில் வைத்துப் பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். நாகரத்தினம்மாளின் கல்லுக்கு மட்டும் பக்தியின் தராசை ஏன் எடுக்கிறோம் என்று முதலில் நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று, இதை நான் வகுப்பில் சொல்லும்போது மாணவிகள் சிரித்துவிடுவார்கள். அந்தச் சன்னதிக்குள் இருப்பவரே தம் பாட்டு ஒவ்வொன்றிலும் தம் பெயரைப் பொறித்தவர்தானே? சரணத்தின் கடைசி வரியில் 'தியாகராஜ' என்று வருகிறதே, அதை முத்திரை என்கிறோம். 'தியாகராஜன் வணங்கும் ராமா' என்று பணிவாகத்தான் வரும், மறுக்கவில்லை. திருவாரூர்ப் பெருமானின் பெயரும் அதுவே என்று சிலேடையும் காட்டலாம். ஆனால் பாட்டு இன்னாருடையது என்பதும் அதில் அழியாமல் பதிந்துவிடுகிறது. எத்தனை தலைமுறை கைமாறினாலும் பாடுகிறவர் வாயே சாட்சி சொல்லிவிடும். பணிவும் பெயரும் ஒரே வரியில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு எனக்குத் தேவைப்பட்டதில்லை. கீர்த்தனை இயற்றாத பாடகிக்கு அந்த வசதி கிடையாது. அவள் பாடியது காற்றில் போய்விடும். கிராமபோன் வந்த புதிதில், 1902-இல் கல்கத்தாவில் பதிவு செய்த கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தம் பெயரை உரக்கச் சொல்வார். ஜெர்மனியில் தட்டு அச்சிடுகிறவர்கள் எந்தப் பாட்டு யாருடையது என்று குழம்பாமல் இருக்க அந்த ஏற்பாடு. தொழில் காரணம்தான். ஆனால் நூறு ஆண்டுக்கு முந்தைய கீறல் சத்தத்தின் முடிவில் அந்தக் குரல் தன் பெயரைச் சொல்லும்போது, கேட்கிற எனக்குக் காரணம் ஞாபகம் வருவதில்லை.

தமிழில் இதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது. அதை நாம் கைவிட்டுவிட்டு அகந்தை, தற்பெருமை, செருக்கு என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுகிறோம். தொல்காப்பியர் உணர்ச்சிகள் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாகப் பெருமிதத்தைச் சொல்கிறார். அது கல்வி, தறுகண், இசைமை, கொடை என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்கிறார். தறுகண் என்றால் அஞ்சாமை. இசைமை என்றால் புகழ். இந்த நான்கையும் வைத்து நாகரத்தினம்மாளின் வாழ்க்கையைப் பாருங்கள். கையெழுத்துப் பிரதி ஒப்பிட்டதும், வீரேசலிங்கத்தைக் கேள்வி கேட்டதும், மேடைக் கணக்கும், காவிரிக் கரைக் கோயிலும் அப்படியே பொருந்தும். வேடிக்கை என்னவென்றால், அதே தொல்காப்பியர் வேறிடத்தில் பெண்ணுக்கு உரியவை அச்சமும் நாணும் மடனும் என்கிறார். பெருமிதத்தின் பட்டியலும் பெண்ணின் பட்டியலும் ஒரே நூலில் இருக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. உங்கள் அதட்டல் இரண்டாவது பட்டியலிலிருந்து வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள், எங்கள் வீட்டிலும் அங்கிருந்துதான் வந்தது.

எம்.எஸ். அவர்களைப் பற்றிச் சொன்னீர்கள். அவருடைய பணிவு பொய் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் 1936-இல், இருபது வயதில், தமக்காக ஏற்பாடாகிக்கொண்டிருந்த வாழ்க்கையை மறுத்து மதுரைத் தாய்வீட்டிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டு வந்த பெண்ணும் அதே எம்.எஸ். தான். பணிவு மட்டும் இருந்திருந்தால் அந்த ரயிலில் ஏறியிருக்க முடியாது. பிற்காலத்தில் அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் அந்த இளம்பெண் மெல்ல மறைந்து, கண்மூடிப் பாடும் தெய்வ வடிவம் மட்டும் எஞ்சியது. அவருக்குள் பெருவிருப்பம் எவ்வளவு இருந்தது என்பதை அளக்க என்னிடம் கருவி இல்லை. வெளியே காட்டாதவரை நாம் மெச்சினோம், காட்டியவரைக் குறைசொன்னோம் என்பது மட்டும் தெரிகிறது. இந்த இருவருக்கும் நடுவில் வீணை தனம்மாளை வைத்துப் பார்க்கலாம். ஜார்ஜ் டவுனில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டிலேயே வீணை வாசிப்பார். கேட்க வேண்டியவர்கள் அங்கே வந்து மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். பெரிய வித்வான்களும் அப்படித்தான் கேட்டார்கள். பட்டமும் கல்லும் இல்லாத பெருமிதம் அது. கையில் காசு தங்காத குடும்பத்தில் அதை வைத்துக்கொண்டிருக்க எவ்வளவு செலவாகியிருக்கும் என்று சில சமயம் யோசிப்பேன்.

நாகரத்தினம்மாளை நான் குறையே இல்லாதவராகக் காட்டிவிட்டதாக நீங்கள் நினைக்கக் கூடாது. பெருமிதம் கண்ணை மறைத்த இடமும் உண்டு. குறைந்தபட்சம் என் கணக்கில். சென்னைச் சட்டமேலவையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தபோது, அதை எதிர்த்து மனுக் கொடுத்த தேவதாசிகள் சங்கத்தில் நாகரத்தினம்மாள் முன்னணியில் இருந்தார். எங்களுடையது சமயமும் கலையும் சார்ந்த மரபு, விபசாரத்தோடு சேர்த்து எண்ணாதீர்கள், கல்வி கொடுங்கள் என்பது அந்தப் பக்கத்தின் வாதம். முத்துலட்சுமியும் அந்த உலகத்தை வெளியிலிருந்து பார்த்தவர் இல்லை. அவருடைய தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். தந்தை பிராமணர், புதுக்கோட்டைக் கல்லூரி முதல்வர். ஆண்கள் மட்டும் படித்த அந்தக் கல்லூரியில் எதிர்ப்பை மீறிச் சேர்ந்து, 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய், 1912-இல் பட்டம் பெற்று வந்தவர். சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் திருமணத்துக்கே சம்மதித்தார். பெருவிருப்பத்தில் நாகரத்தினம்மாளுக்கு ஒரு மாற்றுக் குறைந்தவர் இல்லை.

ஏறத்தாழ ஒரே வகையான பிறப்பு, ஒரே அளவு வீறு. ஒருவர் தேவதாசி என்ற பெயரைத் தலையில் சூடிக்கொண்டார், மற்றவர் அந்தப் பெயரே இனி எந்தச் சிறுமிக்கும் வரக்கூடாது என்று சட்டம் செய்தார். 1947-இல் சட்டம் முழுமையாக வந்தது. நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், சிறுமிகளைப் பொட்டுக்கட்டுவது நின்றாக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை, முத்துலட்சுமி சரி. அந்த ஒழிப்பின் வேகத்தில், பாடியும் ஆடியும் பிழைத்த பெண்களிடம் யாரும் சரியாகக் கேட்கவில்லை என்று நாகரத்தினம்மாள் கொதித்ததும் சரி. ஆனால் பெயரும் வீடும் வாசலும் இருந்த தம்மைப் போன்ற கலைஞரின் நிலையை வைத்து, ஒன்றுமே இல்லாத சிறு ஊர்ச் சிறுமியின் நிலையை அவர் அளந்துவிட்டார் என்று எனக்குப் படுகிறது. இது என் தீர்ப்பு. அந்த மனுவை என்னைவிட ஆழ்ந்து படித்த சிலர் இதை ஏற்பதில்லை.

நீங்கள் எங்கோ படித்ததாகச் சொன்ன இன்னொரு செய்தி, சென்னையில் வருமானவரி கட்டிய முதல் பெண் அவர்தான் என்பது. பல இடங்களில் அப்படி எழுதியிருக்கிறார்கள். அவர் நிறையச் சம்பாதித்தார், வரி கட்டினார் என்பதை நம்பலாம்; 'முதல்' என்ற சொல்லை நான் வகுப்பில் சொன்னதில்லை. பெண்களின் வரலாற்றில் இந்த 'முதல்' ஒரு தொற்று நோய். ஒருத்தியைப் பாராட்டுவதற்கு அவளுக்கு முன்னால் யாருமே இல்லாமல் செய்துவிடுகிறோம். முத்துப்பழனியோ தமக்கு முன்னால் பாட்டி இருந்தாள் என்று எழுதிவைத்தார்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளை வளர்ப்பில் நான் நிபுணர் இல்லை. பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள், அவ்வளவுதான். அந்த அனுபவத்தில் தெரிந்தது இது. தான் பெரியவள் என்று மற்றப் பிள்ளையை மட்டம் தட்டுகிறவளை நான் கண்டித்திருக்கிறேன், கண்டிக்கத்தான் வேண்டும். எனக்கும் ஒரு பெயர் வேண்டும் என்று சொல்கிறவளைக் கண்டித்ததில்லை. முதல் வகைக்கு அடுத்தவள் தோற்க வேண்டும்; இரண்டாம் வகைக்கு வேலை நன்றாக வந்தால் போதும். இரண்டும் ஒரே பிள்ளையிடம் கலந்தும் வரும், அப்போது எதைத் தட்டுவது எதை விடுவது என்பதில் நானும் தவறியிருக்கிறேன். முப்பது ஆண்டுக்கு முன்னால், தன் பெயர் நிகழ்ச்சி நிரலில் விடுபட்டதற்காக அழுத ஒரு மாணவியிடம் 'பாட்டுதான் முக்கியம், பெயர் என்ன பெயர்' என்று சொன்னேன். அவள் அதன் பிறகு கச்சேரிக்குப் பெயர் கொடுக்கவேயில்லை. நல்ல குரல்.

உங்கள் மகள் சொன்ன வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். 'ஏதாவது கட்டி' என்று தொடங்குகிறது. பெயர் அதற்குப் பிறகுதான் வருகிறது. அதட்டியதற்கு வருந்துகிறீர்கள் என்றால் பெரிய சமாதானம் எதுவும் வேண்டாம். என்ன கட்டப்போகிறாய் என்று கேளுங்கள்.

அவள் இப்போது என்ன பாடம் செய்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. தியாகராஜர் கீர்த்தனை என்றால் ஒன்று கவனியுங்கள். சரணத்தில் முத்திரை வரும் இடத்தில் பிள்ளைகள் பெரும்பாலும் மூச்சு வாங்குவார்கள். 'தியாக' என்று ஒரு பக்கமும் 'ராஜ' என்று ஒரு பக்கமுமாகப் பெயர் இரண்டாக உடைந்துவிடும். மூச்சை ஒரு சொல் முன்னதாகவே எடுத்துவிட்டு, பெயரை முழுதாகப் பாடச் சொல்லுங்கள்.